வாள்கள் வேலைக்குக் கிளம்பிய ஐப்பசி

எங்கள் ஒத்தவாசல் ஊரில் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் கத்திகள் வெட்ட மறுத்துவிட்டன. என் மெஸ்ஸில்தான் முதலில் மறுத்தன. சலூன் மாதேஸைக் கேட்டால் தன் கடையில்தான் முதலில் என்பான், அவன் பேச்சை விடுங்கள், எழவு வீட்டில்கூட அவனுக்கு முதல் ஆளாக நிற்க வேண்டும். விஜயதசமிக்கு என்ன முறையோ அதை நான் ஒரு குறையும் வைக்காமல்தான் செய்தேன். விடிந்ததும் தலைக்கு ஊற்றி, சரஸ்வதி படத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்து, சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்த அரிவாள்மனையைக் கும்பிட்டு எடுத்து, பேருக்கு ஒரு வெங்காயத்தை அதில் வைத்து அழுத்தினால், வெங்காயம் நசுங்கியதே தவிர அறுபடவில்லை. மழுங்கின கத்தி எப்படி இருக்கும் என்று மெஸ் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? இது மழுங்கல் இல்லை, மறுப்பு. கோபித்துக்கொண்ட சம்பந்தி இலை முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தது அரிவாள்மனை.

சரி போகட்டும் என்று கிரைண்டரைப் போட்டால் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது, கல் சுற்றவில்லை. தெருவுக்கு ஓடிவந்தால் டெய்லர் தையல் மெஷினை மிதித்து மிதித்து வேர்த்து நிற்கிறான், சக்கரம் அசையவில்லை, மாதேஸ் ஒரு கையில் கத்தரியும் ஒரு கையில் சீப்புமாக வாடிக்கையாளரின் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், லாரிக்குப் பாடி கட்டிப் பிழைக்கிற ஊர் இது, அத்தனை பட்டறையிலும் சுத்தியல் அடித்தால் ஆணி இறங்கவில்லை, ரம்பம் இழுத்தால் மரத்தூள் விழவில்லை, மாலை போட்டுப் பொட்டு வைத்த லாரிகள் எல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கின இடத்திலேயே மாலையும் பொட்டுமாக நிற்கின்றன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதலில் திட்டியது, பிறகு சிரித்தது, அப்புறம் பழகிக்கொண்டது. முழுக் கத்தரிக்காயில் குழம்பு, முழு வெங்காயத்தில் சாம்பார், முருங்கைக்காயைக் கையால் ஒடித்துக் கூட்டு என்று சமையல் நடந்தது. பூசணிக்காய் வேண்டுமென்றால் மொட்டை மாடியிலிருந்து போட்டு உடைத்து, கீழே முறத்தோடு நின்று பொறுக்கிக்கொண்டோம். தேங்காய் மட்டும் கல்லில் உடைந்தது, கல்லுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை அல்லவா. ஆம்பிளைகளுக்குத் தாடி வளர்ந்தது, தாடி வளர வளரப் பேச்சில் ஒரு நிதானமும் வளர்ந்தது, எதைக் கேட்டாலும் தாடியை நீவிவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். பஞ்சாபிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட லாரி டிரைவர்கள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, எங்கள் பெண்டுகளுக்குத் தடித்தடியாக ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மத்தியானத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாத பட்டறை ஆட்கள் தூங்கிப் பார்த்து, இத்தனை வருஷம் வீணாகப் போச்சே என்று வருத்தப்பட்டார்கள்.

கருவிகள் மனசு நோகக்கூடாது என்று காலையில் புதுப் பொட்டு வைப்பதும், சும்மா கிடக்கிற ஸ்பேனரிடம் நல்லா இருக்கியா என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. சேலத்தில் போய் ஒருத்தர் புதுக் கத்தி வாங்கி வந்தார், வழியெல்லாம் கொய்யாப்பழம் நறுக்கித் தின்றுகொண்டே வந்தார், ஊர் எல்லைக் கோட்டைவாசலைத் தாண்டினதும் கத்தி நிறுத்திக்கொண்டது. சாமியே இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த கறுப்புச்சட்டை பொன்னம்பலம் வீட்டில் ஆயுத பூஜையே கிடையாது, அவர் வீட்டுக் கத்தியும் வெட்டவில்லை. "தொழிலாளி ஒத்துமைங்க இது, நான் மதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரும் முழுக் கத்தரிக்காய் சாப்பிட்டார்.

எல்லாருக்கும் கூத்தாக இருந்தது, ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. எங்கள் தெரு சென்னியப்பண்ணன் மகள் இந்துமதிக்கு ஐப்பசியில் வருகிற முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை நவநீதனுக்குக் கப்பலில் வேலை. கடலிலேயே மாசக்கணக்கில் கிடக்கிற ஆள், அந்தப் பிள்ளை காத்திருந்து காத்திருந்து, ரெண்டு வீட்டையும் பேசிச் சம்மதிக்க வைத்து, இந்த லீவுக்குத்தான் நாள் குறித்திருந்தது. இப்போது பார்த்தால் ஆசாரி சுத்தியல் அடிக்காமல் தாலி செய்ய வழியில்லை, பொன் கட்டியாகவே கிடக்கிறது. ஜாக்கெட் துணி துணியாகவே கிடக்கிறது. மாப்பிள்ளைக்குச் சவரம் இல்லை. விருந்துக்கு ஒப்புக்கொண்ட எனக்கோ ஆயிரம் பேருக்கு முழுக் காயாக எப்படிப் போடுவது என்று புரியவில்லை. மாப்பிள்ளையின் அத்தை பைபாஸில் இறங்கி நடந்தே வந்து, கால் வலியும் கோபமுமாக உட்கார்ந்து, "சகுனம் சரியில்லீங்க. அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம். அதுக்குள்ள எங்க பக்கமும் நல்ல எடமா ரெண்டு கேட்டுக்கிட்டிருக்கறாங்க" என்றாள். "நான் தாடியோடயே கட்டிக்கறேன் அத்தை" என்றான் நவநீதன். அவனை யார் கேட்டார்கள். வேறு ஊரில் மண்டபம் பிடிக்கலாமா, கடைத்தாலி வாங்கலாமா என்றால், கோட்டை மாரியம்மன் முன்னால்தான் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி ஏறும், அதுவும் எங்கள் ஆசாரி அடித்த தாலி என்று சென்னியப்பண்ணன் ஒரே பிடியாக நின்றார். அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

சென்னியப்பண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரிப் பட்டறை வைத்திருக்கிறார், ஆனால் அவர் உயிர் பட்டறையில் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது. பழைய ஆயுதம் சேர்க்கிறவர். இடிந்த அரண்மனைக்காரர்களிடம் வாங்கினது, பழைய இரும்புக் கடைக் குவியலில் பொறுக்கினது, கோயில் பரணில் கிடந்தது என்று நீள வாள், சுருள் வாள், கட்டாரி, வீசி எறிகிற வளரி, குத்தீட்டி, காண்டாமிருகத் தோல் கேடயம், முனையில் கத்தி சொருகின வெள்ளைக்காரச் சிப்பாய்த் துப்பாக்கி, வாசல் பக்கம் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு பீரங்கி. எல்லாவற்றுக்கும் முறையாக அனுமதி வாங்கி, துப்பாக்கிக் குழலையெல்லாம் அடைத்துத்தான் வைத்திருந்தார். இத்தனைக்கும் ரத்தம் கண்டால் மயங்கி விழுகிற மனுஷன். கோழிக்கடைப் பக்கம் போகமாட்டார். வாங்குவார், விற்கமாட்டார், மாற்றிக்கொள்ள மாட்டார், ஒரு நாள் இரவலுக்குத் தரமாட்டார், பெண்டாட்டி பிள்ளையைத் தொடவும் விடமாட்டார்.

அவர் சம்சாரம் தெய்வானை வருஷா வருஷம் ஒரே விஷயத்தைத்தான் கேட்பாள். "ஏனுங்க, ஸ்குரு டிரைவருக்கெல்லாம் பொட்டு வெச்சுக் கும்பிடறோம், ஆயுத பூஜைன்னு பேரை வெச்சுக்கிட்டு, ஊட்டுல இருக்கற நெசமான ஆயுதத்துக்கு ஒரு வருசமாச்சும் வெச்சிருக்கறமா? அதுக மனசு என்ன பாடுபடும்?" சந்தனம் பட்டால் இரும்பு கெட்டுவிடும் என்று மறுத்துக்கொண்டே வந்தவர், மகள் கல்யாணம் வருகிறதே என்று இந்த வருஷம் சரி என்றுவிட்டார். சுவரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, பட்டுத்துணி விரித்து, பீரங்கிக்குப் பட்டையாகத் திருநீறு போட்டு, அவள் அமர்க்களமாகப் படைத்ததை நான்தான் கண்ணால் பார்த்தேனே.

அதை நினைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பந்தியில் மூத்தவர் இலையில் கை வைக்காமல் இளசுகள் சாப்பிடுமா? நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்கண்ணா, பொட்டு வெச்சதை விஜயதசமியன்னிக்கு எடுத்து வேலை குடுத்தீங்களா?"

"எதைய?"

"செவுத்துல மாட்டியிருக்கறதைங்க."

"பஞ்சுல தொடச்சு எண்ணெய் போட்டு மாட்டீட்டனே. அதுகளுக்கு என்னத்த வேலை குடுக்கறது சம்பூர்ணம்? அதுக வேலை என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்படின்னா அதுக இன்னும் லீவுல இருக்குதுங்கண்ணா. பெரியவங்க லீவுல இருக்கறப்ப சின்னதுக எப்படி வேலைக்குப் போகும்?"

விஷயம் தெருவுக்கு வந்ததும் யாரும் ஆச்சரியப்படவில்லை, இதைக்கூட யோசிக்கவில்லையே என்று தலையில்தான் அடித்துக்கொண்டார்கள். ஊரே அவர் வாசலில் கூடியது. வேலை கொடுத்துத்தான் ஆகவேண்டும், சரி, வாளுக்கு என்ன வேலை? குத்துவது, வெட்டுவது. யாரை? இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு மனசில் ஒரு பெயர் வந்துவிட்டது. வார்டு கவுன்சிலர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அத்தனை தாடிகளும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டு, மச்சான் வீட்டில் விசேஷம் என்று சொல்லி ராசிபுரத்துக்கு நடந்தே போய்விட்டார்.

ரொம்பக் கெஞ்சின பிறகு சென்னியப்பண்ணன் பிடி கழன்ற ஒரு கட்டாரியை, அவருக்கே அவ்வளவாகப் பிடிக்காத கட்டாரியை, இஞ்சி தோல் சீவக் கொடுத்தார். அதை என் கையில் தரவில்லை, அவரே கையுறை போட்டுப் பிடித்துக்கொண்டார். கட்டாரி இஞ்சி மேல் இப்படியும் அப்படியும் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு தோல் உரியவில்லை. என்னைப் போய் இஞ்சி சீவச் சொல்கிறாயா என்று அது நினைத்தது எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. "பாத்தீங்களா, நான் என்ன பண்றது?" என்று அதைத் துடைத்து மாட்டினார், அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அந்த நேரம் வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டாரிக்கு நானே வேலை கொடுத்திருப்பேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார், சாயங்காலம் பெண் அழைப்பு நடக்காவிட்டால் நாங்கள் கிளம்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பந்தியை என்ன செய்வது என்று கேட்க நான் சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பனும் மகளும் பேசினதை நான் ஒட்டுக்கேட்கவில்லை, நான் இருக்கிற இடத்தில் அவர்கள் பேசினார்கள், அவ்வளவுதான்.

"ஏம்ப்பா, வேலை குடுக்கத் தெரியாமத்தான் உட்டிருக்கறீங்களா, இல்ல குடுக்க மனசில்லாமயா?" என்று கேட்டாள் இந்துமதி.

அவர் ஈட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த ஊட்டுக்குள்ள வந்தது ஒண்ணுகூட வெளிய போனதில்ல கண்ணு."

"என்னையும் வாங்கிட்டு வந்தீங்களாப்பா?"

ஈட்டியைக் கீழே வைத்தார். ஆறடி மனுஷன், பட்டறையில் குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் நாய் எழுந்து நிற்கும், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீயும் போயிட்டீன்னா நான் யாருகிட்ட சாமி பேசுவேன்? கல்யாணம் நின்னு போவட்டும்னு நான் நெனைக்கல. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னுதான் நெனைச்சேன்." எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது; வெங்காயம் இல்லாமல் அழுது எனக்குப் பழக்கமே இல்லை.

இந்துமதியும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே பேசத் தெரிந்த பிள்ளை. சுவரின் நடுவில் தொங்கின நீள வாளைக் காட்டினாள். "இதை வாங்கிட்டு வந்தன்னிக்கு என்ன சொன்னீங்க? பாளையக்காரர் ஊட்டுக் காவக்காரர் ஒருத்தர் வாலிபத்துலருந்து சாகறவரைக்கும் இடுப்புல கட்டியிருந்தாரு, ஆனாப் பாரு, வெட்டற வாயில ஒரு சிராய்ப்புகூட இல்லைன்னு ராத்திரியெல்லாம் சொன்னீங்கல்ல? அப்ப ஒருத்தரையும் வெட்டாம இத்தன வருசமும் இது என்ன வேலைப்பா பாத்துச்சு?"

அவர் நிமிர்ந்து வாளைப் பார்த்தார்.

"நடந்துச்சுப்பா. சாமி ஊர்கோலம் போனா கூட நடந்துச்சு. பொண்ணு புகுந்த ஊட்டுக்குப் போனா கூடவே போயி, பத்தரமா உட்டுட்டுத் திரும்பி வந்துச்சு. அதான் இதோட வேலை. உங்க வேலையும் அதான்."

சொல்லிவிட்டு, பிறந்ததிலிருந்து தொடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, எட்டி அந்த வாளை வெறும் கையால் பற்றி எடுத்தாள். பிடியை அல்ல, பிடிக்குக் கீழே இரும்பையே தட்டையாகச் சேர்த்துப் பிடித்தாள். ஐப்பசிப் புழுக்கத்தில் வேர்த்த கை. சென்னியப்பண்ணன் வாயைத் திறந்தார், கை ஒரு பக்கம் கையுறையைத் தேடியது, பிறகு வாயை மூடிக்கொண்டு, மகள் நீட்டின வாளைப் பிடியில் வெறும் கையால் பற்றி வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பாணியாக வருகிறது. சுவர் முழுசும் காலியானது. வாங்க, வாங்க, ஆளுக்கொண்ணு எடுங்க என்று அவரே வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தார், எண்ணெய்க் கையோ எச்சில் கையோ பார்க்காமல் கொடுத்தார், மாதேஸ் முண்டியடித்து முதல் ஈட்டியை வாங்கினான், எனக்குக் கத்தி சொருகின துப்பாக்கி வந்தது, பொன்னம்பலம் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட முடியாத வருத்தத்தோடு சுருள் வாளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டார், தெய்வானை காண்டாமிருகக் கேடயத்தைக் கவிழ்த்து அதில் வெற்றிலை பாக்கு பழம் பூ எல்லாம் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டாள், பஞ்சாப் டிரைவர்கள் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முறுக்கி பீரங்கியில் கட்டி இழுக்க, தாடியும் ஈட்டியுமாக ஊரே இந்துமதியைப் பார்த்து நின்றது. அவள் வாசல்படி இறங்கினாள். பக்கத்தில் அவள் அப்பா தோளில் வாளைச் சாய்த்துக்கொண்டு, "பாத்து வா கண்ணு, கல்லு கெடக்குது" என்றார்.

அவள் எடுத்து வைத்த அந்த முதல் அடியில்தான் டெய்லர் கடைக்குள் யாரும் மிதிக்காமலே மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அடுத்த வீட்டு மிக்ஸி உறுமியது, அதற்கடுத்து ஆசாரி பட்டறையில் சுத்தியல் ணிங் ணிங் என்றது, ஆசாரி ஈட்டியைப் பக்கத்து ஆளிடம் திணித்துவிட்டுப் பொன் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊர்வலம் எந்தக் கடையைத் தாண்டுகிறதோ அந்தக் கடை விழித்துக்கொண்டது; ரம்பங்கள் பாடின, வெல்டிங் பொறி வாண வேடிக்கையாகத் தெறித்தது, சைக்கிள்கள் ஸ்டாண்டிலேயே சக்கரம் சுற்றி மணி அடித்தன, லாரிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததில் கோட்டைப் புறாக்கள் எழும்பி வட்டமடித்தன. எதிரே அழைக்க வந்த மாப்பிள்ளையைக் கண்டதும் மாதேஸ் சோப்பு நுரையோடு பாய்ந்து, அவன் நடக்க நடக்கவே சவரம் செய்ய, நவநீதன் அம்மன் கோயில் முனைக்கு வரும்போது ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் சாமியார் மாதிரியும் இருந்தது. அத்தை சகுனத்தை மறந்து, யாருடைய வளரியையோ பிடுங்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குமேல் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, ஆயிரம் பேருக்குக் காய் கிடக்கிறதே என்று துப்பாக்கியும் கையுமாக மெஸ்ஸுக்கு ஓடினேன், அரிவாள்மனை என்னைக் கண்டதும் பூசணிக்காயைக் கேட்டு வாங்கின மாதிரி வெட்டித் தள்ளியது.

விடியக்காலையில் தாலி ஏறியது. எடுத்துப் போன ஆயுதங்களை ஊர் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தது, எல்லாவற்றிலும் விருந்தில் போட்ட ஒப்புட்டின் நெய் வாசனை. கப்பல் ஏற நாள் வந்தபோது சென்னியப்பண்ணன் சேலம் ஜங்ஷன் வரைக்கும் கூடப் போய், மகளையும் மருமகனையும் ரயிலேற்றி விட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் இது வழக்கமாகிவிட்டது. விஜயதசமி காலையில் அவர் வீட்டு ஆயுதங்கள் யாரையாவது கூட்டிக்கொண்டுபோய் விட வேண்டும். ஒரு வருஷம் காலேஜில் சேருகிற பிள்ளையை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், ஒரு வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போகிற பொன்னம்பலத்தை ஆஸ்பத்திரி வரைக்கும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சத்தம் போட்டார்கள், பீரங்கியை மட்டும் வெளியே நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் ஊரில் முதல் வெங்காயம் அறுபடும்.

போன மாசம் சேலத்திலிருந்து ரங்கராஜ் வந்திருந்தார், அவரும் இதே மாதிரி பழைய ஆயுதம் சேர்க்கிறவர், துரு எடுப்பதில் கில்லாடி. சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். சுவரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நீள வாளுக்கு முன்னால் நின்றுவிட்டார். பளபளவென்று இருக்கிற இரும்பில், பிடிக்குக் கீழே, ஐந்து விரல் பதிந்து பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. "என்ன சென்னியப்பன், நீங்களா இப்படி உட்டீங்க? வேர்வைக் கை பட்டிருக்குது. இன்னும் கொஞ்ச நாள் போனா உள்ள எறங்கீரும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. அரை மணி நேரம் குடுங்க, தடமே தெரியாம எடுத்துத் தர்றேன்" என்று பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தார்.

"ரங்கராஜ்," என்றார் சென்னியப்பண்ணன், குரலை உயர்த்தாமல், "அதுல கைய வெச்சீங்கன்னா, கைய வெட்டிப்போடுவேன்."

வெட்டிவிடுவார் என்றுதான் எனக்கும் தோன்றியது. ரங்கராஜ் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, என் பக்கம் திரும்பி, குடிக்கக் கொஞ்சம் மோர் இருக்குமா என்று கேட்டார்.